ரோடரிக் ஜோன்ஸ்

சர் ரோடரிக் ஜோன்ஸ் (1877–1962) ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தைக் கால் நூற்றாண்டு நடத்தியவர். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள டக்கின்ஃபீல்டில் பிறந்தார். பதின்ம வயதிலேயே தென்னாப்பிரிக்கா சென்று பிரிட்டோரியாவில் நிருபரானார். டிரான்ஸ்வால் மீது படையெடுத்துத் தோற்றுப் பிடிபட்ட டாக்டர் ஜேம்சனை 1896இல் பேட்டி கண்டது அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1905இல் ராய்ட்டர்ஸின் தென்னாப்பிரிக்கப் பொது மேலாளராகக் கேப்டவுனில் பொறுப்பேற்றார்.

ராய்ட்டர்ஸை நடத்திவந்த, நிறுவனர் ஜூலியஸ் ராய்ட்டரின் மகன் ஹெர்பர்ட், மனைவி இறந்த சில நாட்களில், 1915 ஏப்ரலில் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். உலகப்போரில் வருவாய் சுருங்கியிருந்தது. நிறுவனம் தொடங்கிய வங்கியும் சுமையாகியிருந்தது. அந்த நெருக்கடியில்தான் தலைமை ஜோன்ஸின் கைக்கு வந்தது. 1916இல் அவரும் மார்க் நேப்பியரும் 5,50,000 பவுண்டுக்குப் பங்குகள் அனைத்தையும் வாங்கினர். கடனுக்குப் பின்னால் நின்றது பிரிட்டிஷ் அரசு. நிறுவனம் அந்நியர் கைக்குப் போய்விடக் கூடாதென்ற கவலை அரசுக்கு இருந்தது.

ஜோன்ஸ் நிறுவனத்தைக் காப்பாற்றினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. 1918இல் ராய்ட்டர்ஸின் தலைமையை விடாமலேயே தகவல் அமைச்சகத்தின் பரப்புரைப் பிரிவையும் அவர் ஏற்றார். அமைச்சகமோ ராய்ட்டர்ஸுக்குப் பணம் கொடுத்துச் செய்திகளை அனுப்பிவந்தது. பணம் கொடுக்கும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் ஒரே மனிதர்! நாடாளுமன்றக் குழு இதைக் கண்டித்தபின் அமைச்சகப் பதவியிலிருந்து விலகினார். சம்பளம் வாங்காமல் உழைத்தார் என்பது உண்மையே. எனினும் ராய்ட்டர்ஸ் தரும் செய்தியை அரசின் குரலென்று வெளிநாட்டினர் ஐயுற அந்த இரட்டைப் பொறுப்பு இடம் கொடுத்தது. சர் பட்டம் கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

1919இல் நேப்பியர் இறந்தபின் முழு அதிகாரமும் ஜோன்ஸிடம் சேர்ந்தது. 1920இல் எழுத்தாளர் ஈனிட் பேக்னால்டை மணந்தார். லண்டனுக்கு வெளியிலுள்ள நாளிதழ்களின் கூட்டமைப்பான பிரஸ் அசோசியேஷன் 1925இல் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிய பிறகும் தலைவர் அவரே. உலகச் சந்தையைச் செய்தி முகமைகள் பங்குபோட்டுக்கொண்ட பழைய உடன்பாடு அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் பிடிவாதத்தால் 1934இல் முறிந்தது. அவருக்கு அது பெருந்தோல்வி.

இரண்டாம் உலகப்போரில் பழைய நெருக்கமே அவரைக் கவிழ்த்தது. அரசுடன் செய்துகொண்ட புரிதலை இயக்குநர்களிடம் சரிவரச் சொல்லவில்லை என்று குற்றம் எழ, 1941 பிப்ரவரியில் விலகினார். அவ்வாண்டே ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை உருவானது. எந்தத் தரப்பின் பிடிக்குள்ளும் நிறுவனம் போகலாகாது என்பது அதன் விதி. ஜோன்ஸ் காலத்தின் படிப்பினை அதில் தெளிவாகத் தெரிகிறது. தம் தரப்பை 1951இல் தன்வரலாறாக வெளியிட்டார்.