தொழிற்கல்வியும் பல்கலைக்கழகமும்: கொட்டியாரக் கரையிலிருந்து ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால், கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்தது மூதூர். 1659ஆம் ஆண்டு மசூலிப்பட்டினத்திற் புயலாற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, புதுமரம் நாட்டுதற்பொருட்டு இக்குடாவை அடைந்தது. அதில் வந்த இளைஞர் றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பட்டு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றும் வயிறு வளர்த்தார். தப்பிச் சென்றபின் இலங்கையைப்பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தபோது, அறிவியலறிஞர் றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை வழங்கினார். பல்கலைக்கழக வாயிலை மிதியாத மாலுமியொருவரின் பட்டறிவைக் கற்றோர் அவை மதித்து ஏற்றது.

தொழில் பயின்றோர் உயர்கல்வியை அடைதற்கு வழியுண்டோ என்னும் வினா இன்றும் நம்முன் நிற்கின்றது. இலங்கையின் கல்வி வரலாறு அதற்கு விடை கூறுகின்றது.

கொழும்பு மருதானையில் 1893இல் அரசினர் தொழினுட்பப் பாடசாலை தோன்றியது. பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்ததோ 1921இலேயாகும். இடைப்பட்ட காலத்தில் உயர்கல்வியை நாடியோர்க்கு இலண்டன் பல்கலைக்கழகத்தின் புறநிலைத் தேர்வுகள் துணைநின்றன. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் அவ்வழியே சென்றவர். ஆசிரியப் பயிற்சி பெற்றபின், தொழினுட்பக் கல்லூரியிற் பயின்று 1916இல் அறிவியல் டிப்ளோமாப் பெற்றார். ஆசிரியப்பணி புரிந்துகொண்டே 1920இல் இலண்டன் பட்டதாரியானார். அவரே சுவாமி விபுலாநந்தர். 1925இல் இராமகிருஷ்ண மிஷன் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றபின் அதன் அதிபராகவும் விளங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த ‘யாழ் நூலில்’ பழந்தமிழிசையைக் கணிதமும் ஒலியியலுங்கொண்டு ஆராய்ந்தார். தொழினுட்பக் கல்லூரியிற் பெற்ற அறிவியற் பயிற்சி, தமிழாராய்ச்சிக்குத் தடையாகாது கருவியாயிற்று.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1950இல் அதன் பொறியியற் பீடம் தொடங்கியது. நாடு தனது பட்டத்தைத் தானே வழங்கத் தொடங்கியமை பெரும்பேறே. ஆயினும் பட்டப்படிப்புப் பல்கலைக்கழகத்திற்கும், தொழிற்பயிற்சி தொழினுட்பக் கல்லூரிகட்கும் உரியவாகப் பிரிந்தமையால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி ஒடுங்கிற்று. உயர்தரத் தேர்வொன்றே வாயிலென்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியது.

இதனிடையே நிறுவனமொன்று தானே அவ்வழியைக் கடந்தது. 1960இற் கனடாவின் துணையுடன் கட்டுபெத்தையில் எழுந்த செயன்முறைத் தொழினுட்ப நிலையம், 1966இல் தொழினுட்பவியற் கல்லூரியாகி, 1972இற் பல்கலைக்கழக வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நிறுவனம் உயர்ந்ததெனினும், தொழிலாளர் ஒவ்வொருவர்க்கும் அவ்வழி திறந்ததென்று கூறலாகாது.

அவ்வழியைச் சட்டத்தால் வகுத்த முயற்சி பிற்காலத்ததாகும். தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளாக வகுக்கப்பட்டது. முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டம். 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையில் தொழிற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகமொன்றும் அமைந்தது. மரவேலையோ மின்னிணைப்போ பயின்ற இளைஞன் படிப்படியே பட்டம்வரை ஏறலாமென்பதே இதன் உட்கருத்து.

எனினும் ஏணி இருத்தல் வேறு. அதன் அடியை எட்டுதல் வேறு. மூதூர் மாணவர் திருகோணமலைக்குச் செல்லத் தோணியையும் படகையும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் தரைவழிப் பயணம் எளிதாயிற்று. கல்வியிலும் அத்தகைய பாலங்கள் வேண்டும்: தாய்மொழியிற் பயிற்சி, அருகிலேயே உயர்படிகள், பயிற்சிக் காலத்தில் குடும்பம் வருந்தாதிருக்க உதவிப்பணம் ஆகியன அவை. இவை இன்றேற் சட்டம் ஏட்டளவில் நிற்கும்.

இவற்றினும் அரியது மனமாற்றம். தேர்விற் தவறியோர்க்கே தொழிற்கல்வி என்று பெற்றோரும் ஆசிரியரும் கருதுமளவும், அவ்வேணியில் ஏறுவோர் தலைகுனிந்தே ஏறுவர். தொழினுட்பக் கல்லூரி மாணவராயிருந்த ஒருவர் நம் முதல் தமிழ்ப் பேராசிரியரானதை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடமையாகும். கைத்திறனும் கல்வியும் ஒன்றையொன்று வளர்க்குமென்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகின்றது.