ஒரு குற்றவாளிக் கூண்டின் பயணம்

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கோட்டும் டையுமாக ஹேக் நகர நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயுதக்குழுத் தலைவர்களைச் செய்திகளில் பார்த்திருப்போம். பொதுமக்களைக் கொன்றவனை நாடு தாண்டி வந்து விசாரிக்கும் அந்தக் கூண்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செய்யப்பட்டது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் கதை ஓர் அடமானத்தில் தொடங்குகிறது.

1469இல் ஆஸ்திரியக் கோமகன் சிகிஸ்மண்டுக்குப் பணமுடை. ரைன் நதியோரம் தனக்கிருந்த நிலங்களைப் பர்கண்டி கோமகன் சார்லஸிடம் அடகு வைத்தார். அந்த அடகு நிலத்தை ஆள சார்லஸ் அனுப்பியவர்தான் பீட்டர் ஃபான் ஹாகன்பாக். கூலிப்படையை வைத்துக்கொண்டு அவர் நடத்திய கொலைகளும் பாலியல் வன்கொடுமைகளும் தாங்காமல், அக்கம்பக்கத்து நகரங்கள் பணம் திரட்டிக் கடனை அடைக்கவே முன்வந்தன. கடைசியில் சொந்தப் படையே கலகம் செய்து அவரைப் பிடித்துக் கொடுத்தது. 1474 மே 9 அன்று பிரைசாக் நகரில், பல ஊர்களிலிருந்து வந்த 28 நீதிபதிகள் அவரை விசாரித்தார்கள். எஜமானின் உத்தரவைத்தான் நிறைவேற்றினேன் என்ற வாதம் எடுபடவில்லை. வீரப் பட்டத்தைப் பறித்துவிட்டு அன்றே தலையை வெட்டினார்கள்.

பிறகு அந்த யோசனை நான்கு நூற்றாண்டு காலம் தூங்கியது. அதை எழுப்பியவர் ஒரு பேராசிரியர். பெர்லினில் பிறந்து, பதின்வயதில் நெப்போலியனை எதிர்த்துப் போரிட்டுக் காயம்பட்டு, அமெரிக்காவில் குடியேறியவர் பிரான்சிஸ் லீபர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவருடைய பிள்ளைகளே இரு தரப்பிலும் நின்று சண்டையிட்டார்கள். ஒரு மகன் தெற்குப் படையில் உயிரிழந்தான். வடக்குப் படையிலிருந்த இன்னொருவன் கையை இழந்தான். சீருடை இல்லாமல் கிராமங்களில் புகுந்து தாக்கும் கும்பல்களை என்ன செய்வது என்று 1862இல் வடக்குப் படையின் ஜெனரல் ஹாலெக் கேட்க, லீபர் பதில் எழுதினார். மறு ஆண்டே அவர் வகுத்த 157 விதிகளை லிங்கன் அரசு தன் படைக்குச் சட்டமாக்கியது. போர் முடிந்ததும் சாம்ப் ஃபெர்குசன் என்ற தெற்குத் தரப்புக் கும்பல் தலைவன் 53 கொலைகளுக்காக நாஷ்வில்லில் இராணுவ விசாரணைக்கு உள்ளாகித் தூக்கிலிடப்பட்டான்.

லீபரின் விதிகளைப் பார்த்து ஐரோப்பா தன் விதிகளை எழுதிக்கொண்டது. 1899இல் ஹேக்கில் கூடிய நாடுகள், போர் விதிகள் இராணுவத்துக்கு மட்டுமல்ல, ஆயுதக்குழுக்களுக்கும் பொருந்தும் என்றன. அதற்கு அவை வைத்த முதல் நிபந்தனையே, குழுவினர் செய்வதற்குப் பொறுப்பேற்கும் தலைவன் ஒருவன் இருக்க வேண்டும் என்பதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நூரம்பெர்கிலும் டோக்கியோவிலும் தோற்ற அரசுகளின் தலைகள் கூண்டேறின. பனிப்போர் வந்ததும் கூண்டு மறுபடி பரணுக்குப் போனது.

அதை இறக்கியது கோகெய்ன்! 1989இல் கரீபியத் தீவு நாடான டிரினிடாட் டொபாகோவின் பிரதமர் ஏ.என்.ஆர். ராபின்சன், போதைப்பொருள் கடத்தல்காரர்களைச் சமாளிக்க ஓர் உலக நீதிமன்றம் வேண்டும் என்று ஐ.நா.வில் கோரினார். மறு ஆண்டு ஆயுதக்குழு ஒன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்து அவரையே பிணையாகப் பிடித்துக் காலில் சுட்டது. உயிர் பிழைத்தவர் கோரிக்கையை விடவில்லை. 1998 ஜூலை 17 அன்று ரோமில் 120 நாடுகள் அதற்கு வாக்களித்தன. ஹேக்கில் உருவான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் குற்றப் பட்டியலில் போதைக் கடத்தல் இடம்பெறவே இல்லை என்பது வேறு கதை.

இதற்கிடையே ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. ஒரு தனி நீதிமன்றத்தைத் தான்சானியாவின் அருஷாவில் அமைத்திருந்தது. டர்பனில் தமிழ்க் குடும்பத்தில், பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை அங்கே நீதிபதி. டாபா என்ற ஊரின் மேயர் ஜான்-பால் அகயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. 1997இல் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளை இன்டரஹாம்வே ஆயுதக்குழுவினர் மூவர் சிதைத்ததைச் சொன்னார். அது கேட்கப்படாத கேள்விக்குக் கிடைத்த பதில். நீதிபதிகள் அதைக் கடந்துபோகாமல் மேற்கொண்டு விசாரித்தார்கள். குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. வன்புணர்வும் இனப்படுகொலையின் ஆயுதமாகலாம் என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் 1998 செப்டம்பரில் முதன்முறையாகத் தீர்ப்பளித்தது. இந்தப் பயணம் முழுவதிலும் நான் மிகப் பெரிதாக மதிப்பது, பெயர் வெளியிடப்படாத அந்தத் தாயின் வாக்குமூலத்தைத்தான்.

ஹேக் நீதிமன்றத்தின் கூண்டில் முதலில் ஏறியவர், காங்கோவில் 15 வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையில் சேர்த்த தாமஸ் லுபாங்கா. தண்டனை 14 ஆண்டு. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் அல்ஃப்ரெட் யெகடோம் சிக்கிய விதம் விசித்திரமானது. ஆயுதக்குழுத் தலைவராக இருந்து எம்.பி. ஆனவர், 2018இல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே துப்பாக்கியால் சுட்டுக் கைதாகி, சில வாரங்களில் ஹேக் போய்ச் சேர்ந்தார். அவரோடு சேர்த்து விசாரிக்கப்பட்டவர் அந்நாட்டுக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவராயிருந்த ங்காய்சோனா. 2025 ஜூலையில் இருவருக்கும் சிறை: யெகடோமுக்கு 15 ஆண்டு, ங்காய்சோனாவுக்கு 12.

கூண்டேறியவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் இந்த நீதிமன்றத்தில் சேரவில்லை. இந்தியாவும் இலங்கையும் கூடத்தான். வல்லரசின் நிழலில் நிற்பவனை நெருங்க முடியாத நீதி குறையுள்ள நீதிதான். அதற்காக, காங்கோவின் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த தீர்ப்பை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சூடானின் தார்ஃபூரில் 2003-04இல் கிராமங்களை எரித்த ஜன்ஜவீத் குழுக்களின் தளபதி அலி குஷைப் மீது 2007இல் பிடியாணை பிறந்தது. அவர் பல ஆண்டுகள் சுதந்திரமாகவே திரிந்தார். 2019இல் அதிபர் பஷீரின் ஆட்சி கவிழ்ந்ததும் காப்பாற்ற ஆளின்றி எல்லை தாண்டி, 2020 ஜூனில் தானே சரணடைந்தார். நான் அந்த அலி குஷைப்பே இல்லை என்றார் நீதிமன்றத்தில். கைதிகளை அவர் கோடரியால் அடித்ததை நேரில் கண்டவர்கள் வந்து சொன்னார்கள். 2025 அக்டோபர் 6 அன்று 27 குற்றங்கள் நிரூபணமாயின; டிசம்பரில் 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

அக்டோபர் தீர்ப்பு வந்த இருபதாம் நாள், அதே ஜன்ஜவீத் வேரிலிருந்து முளைத்த ஆர்.எஸ்.எஃப். படை தார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரைப் பிடித்து மக்களைக் கொன்று குவித்தது. கொன்றவர்களில் சிலர் தாங்களே அதைப் படமெடுத்து வெளியிட்டார்கள். ஹேக்கின் வழக்குத்தொடுநர் அலுவலகம் இப்போது அங்கிருந்து ஆதாரங்களைத் திரட்டிவருகிறது.