லூத்தரன் கல்லூரிகளில் பேஸ்பால்

அமெரிக்காவில் லூத்தரன் திருச்சபையினர் நிறுவிய கல்லூரிகள் பெரும்பாலும் சிறியவை, பல சிற்றூர்களில் இருப்பவை. அவற்றின் விளையாட்டு வரலாற்றில் பேஸ்பாலுக்குத் தனி இடம் உண்டு.

தரங்கம்பாடி மிஷனுக்கு ஊழியர்களைப் பயிற்றுவித்த ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்தே 1742-இல் ஹென்றி மெல்கியோர் முலன்பர்க் பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் ஒழுங்குபடுத்திய சபைகளின் வழிவந்த சாமுவேல் சைமன் ஷ்மக்கர் கெட்டிஸ்பர்க்கில் 1826-இல் இறையியல் கல்லூரியையும், 1832-இல் இன்றைய கெட்டிஸ்பர்க் கல்லூரியையும் தொடங்கினார். ஒஹாயோவில் விட்டன்பர்க் (1845), நார்வேயர்களின் லூத்தர் (1861), சுவீடியர்களின் கஸ்டாவஸ் அடால்பஸ் (1862) ஆகியவை பின்னர் எழுந்தன. போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதே இவற்றின் முதல் நோக்கம்.

இக்கல்லூரிகள் பேஸ்பாலுக்குத் தந்த பெருங்கொடை எடி பிளாங்க். கெட்டிஸ்பர்க் அருகே பண்ணைக் குடும்பத்தில் 1875-இல் பிறந்த இவர், கெட்டிஸ்பர்க் கல்லூரியோடு இணைந்திருந்த உயர்பள்ளியில் படித்தபடியே கல்லூரி அணிக்குப் பந்தெறிந்தார். பட்டம் பெறவில்லை, ஆயினும் அக்கல்லூரி வளர்த்த வீரர் என்றே அவரைக் கொள்ள வேண்டும். 1901-இல் மேலாளர் கானி மேக்கின் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியில் நேரடியாகச் சேர்ந்தார். பந்தெறியும் மேட்டில் ஏறியதும் தொப்பியைச் சரிசெய்வார், சட்டையை இழுத்துவிடுவார், பந்தைத் தேய்ப்பார், மீண்டும் தொப்பிக்கே வருவார். மட்டையாளர் பொறுமையிழந்த கணத்தில் பந்து வந்துவிடும். தொழில்முறை ஆட்டத்தில் 326 வெற்றிகள். 300-ஐத் தொட்ட முதல் இடதுகையாளர் இவரே. 1926-இல் மறைந்தார். மறு ஆண்டு கல்லூரி கட்டிய உடற்பயிற்சிக் கூடம் அவர் பெயரைத் தாங்கியது. பேஸ்பால் புகழ்மன்றம் அவரை ஏற்க 1946 வரை காத்திருந்தது பெருங்குறை.

1920-இல் உருவான மினசோட்டா கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பில் லூத்தரன் கல்லூரிகளான செயின்ட் ஓலாஃப், கஸ்டாவஸ் அடால்பஸ் ஆகியவை தொடக்க உறுப்பினர்கள். அங்கே மார்ச்சிலும் மைதானம் பனிக்கடியில் கிடக்கும். அணிகள் உள்ளரங்கில் பயின்று, முதல் ஆட்டங்களுக்குத் தென் மாநிலங்களுக்குப் போகும். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973-இல் வகுத்த மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. பெரும்பாலான லூத்தரன் கல்லூரிகள் இதில்தான் உள்ளன. படிக்க வந்தவரே ஆடுகிறார் என்பதால் கல்லூரி விளையாட்டின் தூய வடிவம் இதுவே. லெனோர்-ரைன், நியூபெரி போன்றவை உதவித்தொகை தரும் இரண்டாம் பிரிவைத் தேர்ந்தன.

பிற ஆட்டங்களில் அகஸ்டானாவின் தொடர்ச்சியான நான்கு அமெரிக்கக் கால்பந்துப் பட்டங்களும் (1983–86), ஆக்ஸ்பர்க், வார்ட்பர்க் கல்லூரிகளின் மல்யுத்த ஆதிக்கமும் குறிப்பிடத்தக்கவை.

2017-இல் கலிபோர்னியா லூத்தரன் மூன்றாம் பிரிவு பேஸ்பாலிலும், 2019-இல் டெக்சஸ் லூத்தரன் பெண்கள் சாஃப்ட்பாலிலும் தேசியப் பட்டம் வென்றன. டானா (2010), போர்ட்லண்ட் கன்கார்டியா (2020), ஃபின்லாண்டியா (2023) ஆகிய லூத்தரன் கல்லூரிகள் மூடப்பட்டதால் அவற்றின் அணிகளும் கலைந்தன.