தேடுபவர் வைக்கும் பெயர்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பல வருஷப் பழக்கம். பட்டறை வைத்திருக்கும் அண்ணாவுக்கு வெப்சைட் ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். படம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. கிளம்பும்போது அவர் கேட்டார்.

"தம்பி, ஊர்ப் பேரு என்ன போடப் போறீங்க? மாமல்லபுரமா, மகாபலிபுரமா?"

"நீங்க எப்படிண்ணா சொல்வீங்க?"

"நான் மல்லைன்னுதான் சொல்வேன். எங்கப்பா மாவலிபுரம்னுவாரு. வர்ற வெள்ளைக்காரப் பசங்க மஹாப்ஸுங்கறாங்க. எதைப் போட்டா ஆளு வரும்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை இருபது வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்த ஊர்ப் பெயரின் கதை. "எஸ்.இ.ஓ." என்று இன்று நாம் சொல்லும் தலைவலி இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல என்பது அதில் தெரியும்.

ஊர்க்காரர் பெயரும் மாலுமி பெயரும்

நமக்குத் தெரிந்த பழைய தமிழ்ப் பெயர் கடல்மல்லை. திருமங்கையாழ்வார் பாடியது கடல்மல்லைத் தலசயனத்தை. பூதத்தாழ்வார் பிறந்த ஊர் என்று வைணவர்கள் கொண்டாடுவதும் இதே மல்லையைத்தான். மாமல்லன் என்பது ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். கடற்கரைக் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் ஊரின் பெயர் மாமல்லபுரம் என்றே இருக்கிறது. வெறும் ஊர்ப் பெயர் மட்டுமில்லை, ஆமூர்க் கோட்டத்து மாமல்லபுரம் என்று முழு விலாசமாக. படிப்பவன் வெளியூர்க்காரனாக இருந்தாலும் வழி தவறக் கூடாது என்று நினைத்து வெட்டியது போல இருக்கும்.

மாமல்லபுரம் பேச்சில் தேய்ந்து மாவலிபுரம் ஆகி, மாவலி என்றால் மகாபலிதானே என்று மகாபலிபுரம் ஆனது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது எப்படி இருந்தாலும், கடலிலிருந்து பார்த்த ஐரோப்பிய மாலுமிகளுக்கு இந்தப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. அவர்களுக்குக் கரையில் ஒரு அடையாளம் வேண்டும். 'செவன் பகோடாஸ்' என்றார்கள், ஏழு கோயில்கள். கரையில் நிற்பது ஒரு கோயில்தானே, மீதி ஆறு எங்கே என்ற கேள்வியிலிருந்து கடலுக்கடியில் நகரம் என்ற கதையும் வளர்ந்தது.

1788இல் வெளிவந்த 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வில்லியம் சேம்பர்ஸ் இந்த ஊரைப் பற்றி எழுதினார். கட்டுரையைவிட அதன் தலைப்பு எனக்குப் பிடிக்கும். தமிழில் தோராயமாகச் சொன்னால்: மாவலிபுரத்துச் சிற்பங்களும் இடிபாடுகளும் பற்றிச் சில குறிப்புகள், சதுரங்கப்பட்டினத்துக்குச் சில மைல் வடக்கே உள்ள இடம், மாலுமிகள் ஏழு பகோடாக்கள் என்று அறிவது.

இதை ஒரு வெப் டெவலப்பராகப் படித்துப் பாருங்கள். ஊர்க்காரர் சொல்லும் பெயர் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் தெரிந்த ஊர் இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருந்ததால் ஐரோப்பியருக்கு அந்தப் பெயர் பழக்கம். வெளியாள் எந்தப் பெயரில் தேடுவானோ அதுவும் இருக்கிறது. இன்றைக்கு 'டைட்டில் டேக்' எழுதச் சொல்லிக் கொடுக்கும் எந்த வகுப்பிலும் இதையேதான் சொல்கிறார்கள். மகாபலி நகரம் கடலில் மூழ்கிய கதையை இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்து ராபர்ட் சதி 1810இல் ஒரு நெடுங்கவிதையில் பயன்படுத்தினார். தேடியவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று அர்த்தம்.

பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வைத்தார்கள். 1830இல் அச்சான பாபிங்டனின் கட்டுரையில் மகாமலைப்பூர். பழைய கட்டுரைகளையெல்லாம் தொகுத்து 1869இல் கார் போட்ட புத்தகத்திலும், 1914இல் கூம்ப்ஸ் எழுதிய புத்தகத்திலும் தலைப்பு செவன் பகோடாஸ்தான். ஊரில் யாரும் சொல்லாத பெயர் நூறு வருஷத்துக்கு மேல் நூலகங்களை ஆண்டிருக்கிறது.

அரசாங்கமும் ஒரே பெயரில் இல்லை. ஊர் நிர்வாகத்தின் பெயர்ப்பலகையில் மாமல்லபுரம். 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது மகாபலிபுரம் என்று. 2017இல் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் மகாபலிபுரம் கற்சிற்பம் என்றே பதிவானது. ஆக, கல் செதுக்குபவர் கடை விலாசத்தில் ஒரு பெயர், அவர் கைத்தொழிலின் சான்றிதழில் இன்னொரு பெயர்.

மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தது

ஊர்ப் பெயர்தான் இப்படி, மாவட்டமாவது நிலையாக இருந்ததா? நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது செங்கல்பட்டு மாவட்டம். 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தபோது மல்லை காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டம் ஆனது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, விலாசம் மட்டும் காஞ்சிபுரம் போய்த் திரும்பி வந்துவிட்டது. பழைய வெப்சைட்டுகள் பலவற்றில் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே இருக்கும். மாறாதது 603104 என்ற பின்கோடு மட்டும்.

செங்கல்பட்டுக்கும் இதே வியாதி உண்டு. செங்கழுநீர்ப்பட்டு என்ற பெயர் பேச்சில் செங்கல்பட்டு ஆனது. வெள்ளைக்காரர் சிங்கிள்புட் என்று எழுதினார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் பேசும்போது செங்கல்பெட் என்போம். 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எழும்பூர் எழும்பூராகவே, தூத்துக்குடி தூத்துக்குடியாகவே ஆங்கிலத்திலும் எழுதப்பட வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் எழுத்துக்கூட்டல் பற்றி விமர்சனம் கிளம்பி, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆணை நின்றிருந்தால் எத்தனை சின்னக் கடைகள் தங்கள் விசிட்டிங் கார்டையும் கூகுள் மேப் விவரத்தையும் திருத்தியிருக்க வேண்டும் என்று அப்போது யோசித்தேன்.

பெயரை மாற்றாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். வடநெம்மேலியில் ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையின் பெயரில் இன்னும் 'மெட்ராஸ்' இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவை நடத்தும் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் பெயரிலும் அப்படியே. தட்சிணசித்ரா திறந்த அதே 1996இல்தான் நகரம் சென்னை ஆனது. இந்த நிறுவனங்கள் பழைய பெயரிலேயே நின்றன. இரண்டும் லாப நோக்கமில்லாதவை. அப்படிப்பட்டவர்களுக்குப் பல வருஷமாகச் சேர்ந்த நம்பிக்கை அந்தப் பெயரில்தானே இருக்கிறது.

நான் செய்த வெப்சைட்

இப்போது என் கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, மீனவக் குப்பம் ஒன்றில் மாலை வகுப்பு நடத்த ஒரு சின்ன அறக்கட்டளை தொடங்கினார்கள். நடத்தியவர் ஓய்வு பெற்ற டீச்சர். நான் பி.இ. முடித்து வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. இரண்டு ஞாயிறு உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

அதில் நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் தப்பு, தமிழ்ப் பக்கத்தை பாமினி எழுத்துருவில் செய்தேன். அப்போது யூனிகோடு வந்திருந்தது, விண்டோஸ் எக்ஸ்.பி.யில் வேலையும் செய்தது. ஆனால் டி.டி.பி. கடையில் இருந்தது பாமினி, எனக்குத் தட்டத் தெரிந்ததும் அதுதான். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. தேடுபொறி கோப்பைத்தான் படிக்கும், திரையைப் பார்க்காது. கனடாவிலோ பிரான்சிலோ ஒரு தமிழர் யூனிகோடில் தேடினால் எங்கள் பக்கம் அவர் கண்ணில் பட வழியே இல்லை. தமிழ்நாடு அரசே யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010 செம்மொழி மாநாட்டின்போதுதான். அதுவரை இப்படி எத்தனை தமிழ்ப் பக்கங்கள் தேடலுக்குத் தெரியாமல் கிடந்தனவோ.

இரண்டாவது, ஆங்கிலப் பக்கம். அறக்கட்டளையின் நோட்டீஸ் அழகாக இருந்ததால் அதை ஸ்கேன் செய்து படமாகப் போட்டுவிட்டேன். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அன்றைய தேடுபொறி படிக்காது.

மூன்றாவது, டைட்டில். 'வரவேற்கிறோம்' என்று வைத்திருந்தேன், அதுவும் பாமினியில்.

நான்காவதுதான் பெரியது. அந்தப் பக்கத்தில் எங்குமே குப்பத்தின் பெயரோ மாமல்லபுரமோ மகாபலிபுரமோ எழுத்தாக இல்லை. அறக்கட்டளையின் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. அறக்கட்டளையின் பெயர் தெரிந்தவன் ஏன் தேடப் போகிறான்? போன் செய்வான். தேடுகிறவனுக்குத் தெரிந்தது சுனாமி, மீனவர், பிள்ளைகள், மகாபலிபுரம் ஆகியவைதான். சுனாமியின்போது கடல் உள்வாங்கியதில் வரிசையாகக் கற்கள் தெரிந்தன. 2005இல் தொல்லியல் துறை அகழாய்வும் செய்தது. ஏழு கோயில் கதை மறுபடி உலகச் செய்தி ஆனது. அந்த ஊரின் பெயரை உலகமே தட்டிக்கொண்டிருந்த வருஷத்தில், என் பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை.

பக்கத்தின் அடியில் வந்தவர் எண்ணிக்கை காட்டும் ஒரு கவுண்ட்டர் வைத்திருந்தேன். டீச்சர் வாரா வாரம் கேட்பார், "யாராச்சும் பார்த்தாங்களாப்பா?" எண்ணிக்கை இருநூறைத் தாண்டியபோது சந்தோஷப்பட்டார். அதில் பெரும்பாலும் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2007இல் மாலை வகுப்பு நின்றது. வாடகைக்கும் ஒரு ஆசிரியைக்கும் சம்பளம் திரட்ட முடியவில்லை. வெப்சைட் சரியாக இருந்திருந்தால் பணம் வந்திருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேடிய ஒருவர்கூட எங்களைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்தவன் நான்.

இன்றைக்கு நிலைமை வேறு என்பீர்கள். ஓரளவு உண்மை. அந்தக் காலத்தில் எல்லா எழுத்துக்கூட்டலையும் 'மெட்டா கீவேர்ட்' என்ற இடத்தில் அடைப்போம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைத்தவர்களும் உண்டு. 2009இல் கூகுள், மெட்டா கீவேர்டைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. 2012இல் அறிமுகமான 'நாலெட்ஜ் கிராஃப்' போன்றவற்றால் மாமல்லபுரமும் மகாபலிபுரமும் ஒரே ஊர் என்பது இன்று இயந்திரத்துக்குத் தெரியும்.

தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்புவரை இலவசத் தேடல் விளம்பரமும் கூகுள் தருகிறது. ஆனால் அதிலும் ஒற்றைச் சொற்களைப் பொதுவாக வைக்க முடியாது, காட்டப்படும் விளம்பரங்களில் நூற்றுக்கு ஐந்தாவது சொடுக்கப்பட வேண்டும் என்று 2018 முதல் விதி. நம்மைத் தேடுகிறவர் என்ன சொல்லில் தேடுவார் என்று தெரியாவிட்டால் இலவசப் பணமும் செலவாகாது. இயந்திரம் புத்திசாலி ஆகிவிட்டது, ஆனால் நாம் எழுதாததை அதனால் படிக்க முடியாது.

அண்ணாவின் பக்கம்

சிற்பக்கூடத்து அண்ணாவிடம் கடைசியில் ஒரு வேலை கொடுத்தேன். இதுவரை வந்த வாடிக்கையாளர்கள் முதல் போனில் என்ன கேட்டார்கள் என்று ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து ஒரு நோட்டுப் பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தார். அதில் மாமல்லபுரமும் குறைவு, மகாபலிபுரமும் குறைவு. "மூணடி பிள்ளையார்", "கோயிலுக்குத் துவாரபாலகர்", "தோட்டத்துக்குப் புத்தர்", "வெளிநாட்டுக்கு அனுப்புவீங்களா?" இவைதான் அதிகம். அவர் மாவுக்கல் என்பதை வெளிநாட்டுக்காரர் சோப்ஸ்டோன் என்று கேட்டிருக்கிறார். மூன்று பேர், "முதல்ல படம் அனுப்புங்க, பெரியவங்ககிட்ட காட்டணும்" என்று கேட்டிருக்கிறார்கள்.

அதை வைத்துத்தான் பக்கங்களைப் பிரித்தேன். பிள்ளையாருக்கு ஒன்று, கோயில் வேலைக்கு ஒன்று, தோட்டச் சிலைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கல்லின் பெயர் இரண்டு விதமாகவும், உயரம், எடை, முடிக்க ஆகும் நாள், அனுப்பும் முறை ஆகியவையும் படமாக இல்லாமல் எழுத்தாக. தலைப்பில் சேம்பர்ஸ் வழியையே எடுத்துக்கொண்டேன்: பட்டறையின் பெயர், மாமல்லபுரம், அடைப்புக்குறிக்குள் மகாபலிபுரம். விலாசத்தில் செங்கல்பட்டு மாவட்டம், 603104.

அண்ணா போனில் பார்த்துவிட்டு, "மல்லைன்னு எங்கயுமே இல்லையே தம்பி?" என்றார்.

'எங்களைப் பற்றி' பக்கத்தின் முதல் வரியில் சேர்த்துவிட்டேன். அந்தப் பெயரில் யாரும் தேடி வர மாட்டார்கள்தான். ஆனால் அவர் தன் ஊரை அப்படித்தான் சொல்கிறார், அவர் பக்கத்தில் அது இருக்கட்டும்.