இராமானுஜனின் இரண்டு விண்ணப்பங்கள்

ஜீவனஹள்ளியில் என் அறைக்குத் தன்விவரக் குறிப்புடன் வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: படிப்பு இடையில் நின்ற ஆண்டுகளை எழுதுவதா, மறைப்பதா? இக்கேள்விக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. சீனிவாச இராமானுஜன் பதினொரு மாத இடைவெளியில் எழுதிய இரு கடிதங்களே அவை.

முதல் கடிதம் 1912 பிப்ரவரி 9 அன்று திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுதப்பட்டது. எழுத்தர் பணிக்கான விண்ணப்பம் அது. மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் குறிப்பிடும் அவர், சில இடையூறுகளால் படிப்பைத் தொடர இயலவில்லை என்றும், அதன்பின் காலமெல்லாம் கணிதத்திலேயே கழிகிறது என்றும் கூறுகிறார். அந்த இடையூறுகள் யாவை? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வெழுதித் தோற்றார். வறுமையும் நோயும் அவரை வாட்டியது உண்மை. கணிதம் தவிர்த்த பாடங்களை அவர் புறக்கணித்ததும் உண்மை. விண்ணப்பத்தில் தோற்றேன் என்ற சொல் இல்லை. தேறினேன் என்ற பொய்யும் இல்லை.

இரண்டாவது கடிதம் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதப்பட்டது. இதில் அவர் ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டுமே பெறும் எழுத்தர். பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர், பள்ளிப் படிப்பு மட்டுமே உடையவர். முதல் கடிதத்தில் தகுதியாக நின்ற கல்லூரிப் படிப்பு இங்கே மறைந்துவிடுகிறது. வயது ஏறத்தாழ 23 என்கிறார். 1887 டிசம்பர் 22இல் பிறந்தவருக்கு அப்போது 25 நிறைந்திருந்தது.

எழுத்தர் வேலைக்குப் பாதிக் கல்லூரிப் படிப்பும் மதிப்புடையது. கேம்பிரிட்ஜ் பேரறிஞர் முன்போ அது குறையாகத் தெரியும். கல்லூரியே காணாத இளைஞனின் தேற்றங்கள் வியப்பைத் தரும். எதிரிலிருப்பவர் யாரென்று அறிந்தே இராமானுஜன் தம்மை அறிமுகம் செய்துகொண்டார் என்றே கருதுகிறேன். வயதைக் குறைத்தது திட்டமிட்டா, கவனக்குறைவா என்பதைக் கடிதம் ஒன்றைக் கொண்டு தீர்ப்பளிக்க இயலாது. ஆயினும் பிழை அவருக்குச் சாதகமான பக்கமே சாய்ந்திருக்கிறது. மேதை என்பதற்காக இதைக் கடந்துபோவது வரலாற்று மாணவருக்கு அழகன்று.

எனினும் கடிதத்துடன் இணைத்த தேற்றங்களில் இத்தகைய ஒப்பனை இல்லை. பகா எண்கள் பற்றிய அவர் கூற்றுகள் சில தவறென்று பின்னர்த் தெரிந்தது. அவை அவரே நம்பி எழுதிய பிழைகள். அத்தேற்றங்களைப் படித்த ஹார்டிக்கும் இது மோசடியோ என்ற ஐயம் எழுந்தது. இவ்வளவு திறமை வாய்ந்த ஏமாற்றுக்காரரைவிடப் பெருங்கணிதர் கிடைப்பதே எளிது என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார்.

என்னை மிகவும் கவர்வது அடுத்து நிகழ்ந்தது. ஹார்டியின் பதில் வந்தபின், பிப்ரவரி 27 அன்று எழுதிய கடிதத்தில் இராமானுஜன் வெளிப்படையாகவே பேசுகிறார். மூளையைக் காத்துக்கொள்ள உணவு வேண்டும், இப்போதைக்கு அதுவே முதற்கவலை. தாங்கள் பரிவுடன் ஒரு கடிதம் எழுதினால் இங்கே உதவித்தொகை பெறத் துணையாகும் என்கிறார். தம்மை ஒருவர் பொருட்படுத்திப் படித்துவிட்டார் என்று தெரிந்ததும், தோற்றத்தைக் காக்கும் தேவை அவருக்குக் குறைந்துவிட்டது. முதுகலைப் பட்டதாரிகளுக்குரிய ஆய்வு உதவித்தொகையைச் சென்னைப் பல்கலைக்கழகமும் விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாயாக, 1913 மே முதல் அவருக்கு வழங்கியது.

ஆகவே மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இடைவெளியை எழுதுங்கள். காரணத்தை எந்தச் சொற்களில் சொல்வது என்பது உங்கள் உரிமை. ஆண்டையும் வயதையும் மாற்றாதீர்கள். தெரியும் என்று எழுதியதைக் கேட்டால் செய்துகாட்ட முடிய வேண்டும். தேர்வுக் குழுவில் அமரும் நம்மவர்க்கும் ஒரு கேள்வி உண்டு. சான்றிதழை மட்டும் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கும் நாம், விண்ணப்பதாரர் முழு உண்மையையும் எழுத வேண்டும் என்று எந்த உரிமையில் எதிர்பார்க்கிறோம்?