ஐஸ் ஹாக்கியில் கைகலப்பு: 5 நிமிட தண்டனையும் அதற்கு வீரர்கள் கொடுத்த விலையும்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி நடைபெற்ற அமெரிக்கா - கனடா ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் முதல் 9 விநாடிகளுக்குள் மூன்று கைகலப்புகள் நிகழ்ந்தன. மோதிக்கொண்ட ஆறு வீரர்களும் தலா 5 நிமிடங்கள் வெளியே அமர்த்தப்பட்டு, பின்னர் மீண்டும் களமிறங்கினர். அந்த ஆட்டத்தில் அமெரிக்கா 3-1 என்ற கணக்கில் வென்றது.

ஒலிம்பிக் போட்டியாக இருந்திருந்தால் அந்த ஆறு பேரும் ஆட்டத்திலிருந்தே நீக்கப்பட்டிருப்பர். ஆனால், இத்தொடரை நடத்தியது வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் (என்.எச்.எல்.). 1917-இல் தொடங்கப்பட்ட இந்த லீக், கைகலப்பைக் குற்றமாகக் கருதினாலும் அதற்கு ஆட்டத்தில் இடமளித்து வருகிறது.

விதி என்ன?

கைகலப்பில் ஈடுபடுவோருக்கு 5 நிமிட தண்டனை விதிக்கும் நடைமுறை 1922-இல் வந்தது. இரு அணிகளிலும் தலா ஒருவர் மோதி, இருவரும் ஒரே தண்டனை பெற்றால், அவர்களுக்குப் பதிலாக மாற்று வீரர்கள் உடனே களமிறங்கலாம். எனவே, எந்த அணிக்கும் ஆள் குறைவதில்லை. கைகலப்பு நூறாண்டுகளாக நீடித்ததற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

இதற்கு எழுதப்படாத மரபுகளும் உண்டு. இருவரும் சம்மதித்தே மோத வேண்டும். மட்டையையும் கையுறைகளையும் கீழே போட்டுவிட்டு வெறுங்கையுடன் மோத வேண்டும். ஒருவர் விழுந்தால் நிறுத்திவிட வேண்டும். நடுவர்களும் பெரும்பாலும் ஒருவர் விழும்வரை காத்திருந்தே விலக்கிவிடுவர்.

காலப்போக்கில் கட்டுப்பாடுகள் கூடின. இருவர் மோதலில் மூன்றாமவர் நுழைந்தால் ஆட்டத்திலிருந்து நீக்கம் என்ற விதி 1971-இல் வந்தது. சண்டையைத் தூண்டியவருக்கான தண்டனை 1992-இல் கடுமையாக்கப்பட்டது. தற்போது தூண்டியவருக்கு 5 நிமிடங்களுடன் கூடுதலாக 2 நிமிடங்களும், 10 நிமிட ஒழுங்குமீறல் தண்டனையும் விதிக்கப்படுகின்றன. இதில் அந்த 2 நிமிடங்கள் மட்டுமே அவரது அணியை ஓர் ஆள் குறைவாக ஆட வைக்கும்.

காவல் வீரர்கள்

திறமையான வீரர்களை எதிரணியினர் முரட்டுத்தனமாகத் தாக்காமல் தடுக்க, பதிலடி கொடுப்பதற்கென்றே ஒருவர் வேண்டும் என்பது ஆதரவாளர்களின் வாதம். அத்தகையவர் ‘என்ஃபோர்சர்’ என அழைக்கப்பட்டார். எட்மன்டன் அணியில் வெய்ன் கிரெட்ஸ்கிக்கு டேவ் செமென்கோவும் மார்ட்டி மெக்சார்லியும் அரணாக இருந்தனர். 1988-இல் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலீஸ் அணிக்கு மாறியபோது மெக்சார்லியும் உடன் சென்றார்.

முரட்டு ஆட்டம் வெற்றியையும் தந்தது. பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அணி 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த அணியின் டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 பருவத்தில் மட்டும் 472 தண்டனை நிமிடங்களைப் பெற்றார். அந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை.

கைகலப்பைத் தடை செய்தால் வீரர்கள் மட்டையால் தாக்கத் தொடங்குவர் என்ற வாதமும் உண்டு. ஆனால், அதற்கு இடம் இருந்த காலத்திலும் அத்தகைய தாக்குதல்கள் நிற்கவில்லை. 2000 பிப்ரவரியில், தம்மோடு அதே ஆட்டத்தில் கைகலப்பில் ஈடுபட்ட டொனால்ட் பிரஷியரின் தலையில் மெக்சார்லியே மட்டையால் அடித்தார். கனடா நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

உயிரும் மூளையும்

மின்னசோட்டா, நியூயார்க் அணிகளுக்காக 277 ஆட்டங்களில் ஆடிய டெரெக் புகார்ட் அடித்த கோல்கள் 3 மட்டுமே. சண்டையிடுவதே அவரது பணியாக இருந்தது. 2010 டிசம்பரில் கைகலப்பில் தலைக்காயமடைந்த அவர், அதன் பின் களமிறங்கவில்லை. 2011 மே மாதம், மதுவும் வலிநிவாரணி மருந்தும் கலந்ததால் 28 வயதில் உயிரிழந்தார். தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் ஏற்படும் ‘சி.டி.இ.’ என்ற மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது மரணத்துக்குப் பிந்தைய பரிசோதனையில் தெரியவந்தது. இந்நோயை இறப்புக்குப் பின்னரே உறுதி செய்ய முடியும்.

என்.எச்.எல். சண்டை வீரர்கள் தங்களை ஒத்த பிற வீரர்களைவிட சராசரியாக 10 ஆண்டுகள் இளம் வயதில் இறந்ததாக, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இறந்தவர்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. எனினும் நரம்புச் சிதைவு நோய், அளவுக்கு மீறிய மருந்துப் பயன்பாடு, தற்கொலை ஆகியவற்றால் நேர்ந்த மரணங்கள் சண்டை வீரர்களிடையே கூடுதலாக இருந்தன.

ஐஸ் ஹாக்கிக்கும் சி.டி.இ. நோய்க்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என லீக் ஆணையர் கேரி பெட்மன் வாதிட்டு வந்துள்ளார். தலைக்காயம் தொடர்பாக முன்னாள் வீரர்கள் தொடர்ந்த வழக்கை 2018-இல் 1.89 கோடி டாலருக்கு லீக் சமரசம் செய்துகொண்டது. எனினும் பொறுப்பை அது ஏற்கவில்லை.

தடையின்றிக் குறைந்த சண்டை

2008-09 பருவத்தில் 700-க்கும் மேற்பட்ட கைகலப்புகள் நிகழ்ந்தன. பத்தாண்டுகளுக்குப் பின், 2018-19 பருவத்தில் அந்த எண்ணிக்கை 250-க்கும் கீழே சரிந்தது. 2005-க்குப் பின் ஆட்டத்தின் வேகம் கூடியது. அணிகள் ஊதியத்துக்குச் செலவிடும் தொகைக்கும் உச்சவரம்பு வந்தது. சண்டைக்கு மட்டுமே பயன்படும் வீரருக்கு ஓர் இடத்தை ஒதுக்குவது அணிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இளையோர் ஆட்டத்தில் மாற்றம் விதியாகவே வந்துள்ளது. கியூபெக் மேஜர் ஜூனியர் லீக், கைகலப்பில் ஈடுபடுவோரை ஆட்டத்திலிருந்து நீக்கும் விதியை 2023-24 பருவத்தில் கொண்டுவந்தது. அங்கிருந்து ஆண்டுதோறும் பல வீரர்கள் என்.எச்.எல். அணிகளுக்குத் தேர்வாகின்றனர். அந்த லீக்கில் 5 நிமிட தண்டனை இன்றும் தொடர்கிறது.