பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்

நம் திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்து 1908-ல் எம்.ஏ. முடித்தார். அதற்காக அவர் எழுதிய கட்டுரை வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. அந்த நாளில் அதே கல்லூரியில் சுவாமி வேதாசலம் என்றொரு தமிழாசிரியர் இருந்தார். இவர்தான் பின்னாளில் மறைமலை அடிகள். ராதாகிருஷ்ணன் கல்வித்துறையிலேயே உயர உயரப் போனார். மற்றவர் 1911-ல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். முன்னவர் கதை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பின்னவர் கதையைச் சொல்கிறேன்.

1876-ல் நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவர். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது அடுத்த ஊர். (காரைக்காலிலிருந்து ஆலங்காட்டுக்கு அம்மையார் வந்த வழியில்தான் நானும் வந்தேன் என்று இங்கே கேலி செய்வார்கள். நான் வந்தது ரயிலில்.) அவருக்குப் பட்டம் கிடையாது. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். அந்தத் தகுதியை வைத்தே 1898-ல் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாணவர்களுக்காக முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதினார், சாகுந்தலத்தைத் தமிழாக்கினார்.

பிறகு பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடம் என்ற இடத்திலிருந்து இறக்கி விருப்பப் பாடமாக்கியது. 13 வருஷ சர்வீஸை விட்டுவிட்டுப் பல்லாவரம் போய்விட்டார். வயது 35 நிறையவில்லை. வீட்டில் மனைவியும் குழந்தைகளும். அந்த ஆண்டே காவி உடுத்தினார், ஆனால் குடும்பத்தை விடவில்லை. காவிக்கும் குடித்தனத்துக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டவர்கள் உண்டு. பிறருடைய பென்ஷன் காகிதங்களையே காலமெல்லாம் எழுதிய எனக்கு, அந்த அம்மாள் அரிசிக்கு என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. பிரெஞ்சில் பென்ஷனை ‘ரெத்ரேத்’ என்பார்கள். பின்வாங்குவது, ஒதுங்கித் தனித்திருப்பது என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. இவருக்கு வாய்த்தது அந்தக் கடைசிப் பொருள் மட்டும்.

வருமானம் சொற்பொழிவிலும் புத்தகத்திலும் வந்தது. இலங்கைக்கு மூன்று முறை போய்ப் பேசினார். பல்லாவரத்தில் சொந்த அச்சுக்கூடம் வைத்தார். பேசக் கூப்பிட்டால் பணம் கேட்கிறார் என்று குறை சொன்னார்கள். கேட்டது நியாயம் என்பேன். சம்பளத்தை விட்டவன் வேறு எதில் சாப்பிடுவான்?

வள்ளலார் வழியில் சமரச சன்மார்க்க நிலையம் தொடங்கினார். பிறகு அது பொதுநிலைக் கழகமாயிற்று. புலால் கூடாது, சாதி பார்க்கக் கூடாது என்பவை அவர் உறுதிகள். 1916-ல் தனித்தமிழ் இயக்கம்; தம் பெயரையே மாற்றிக்கொண்டார். 1921-ல் வந்த ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ முழுவதும் கடிதங்களாலேயே சொல்லப்பட்ட நாவல். ஓர் இளம் விதவையின் காதல் அது. பள்ளியில் எங்களை உருப்போட வைத்த மொந்தெஸ்கியேவின் ‘பெர்சியக் கடிதங்கள்’ 1721-ல் வந்தது, சரியாக 200 ஆண்டு முன்பு. காவி உடுத்தியவர் விதவையின் காதலை எழுதியது அன்றைய ஊருக்கு எப்படி இருந்திருக்கும்! எனக்கு அவருடைய ஆராய்ச்சிகளைவிட இந்தத் துணிச்சல்தான் பிடிக்கும்.

1950-ல் மறைந்தார். சேர்த்துவைத்த புத்தகங்கள் 1958-ல் லிங்கிச் செட்டித் தெருவில் நூலகமாயின. அங்கிருந்து பழைய கல்லூரி இருந்த இடம் நடந்து போகும் தூரம்தான். கல்லூரி மட்டும் அங்கே இல்லை. 1937-லேயே அது தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இன்றைய மின்ரயிலில் பல்லாவரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன்.